ரோமாபுரிக் கம்மலும் ஒரு ஷேடு கம்ப்ளெயின்ட்டும்

ரோமாபுரிக்குப் போனவர்கள் கோயிலைப் பார்த்தேன், கோபுரத்தைப் பார்த்தேன் என்று எழுதுவார்கள். நான் போனது ஒரு கம்மலைப் பார்க்க. அதுவும் நானாக ஆசைப்பட்டுப் போகவில்லை. தப்புச் செய்தவளைச் சம்பவ இடத்துக்கு அழைத்துப் போவதுபோல் அழைத்துப் போனார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அது. திருப்பூரில் சென்னியப்பண்ணன் நடத்திய பனியன் கம்பெனியில் வேலை பார்த்தேன். கம்பெனியோடு ஒரு சாயப்பட்டறையும் உண்டு. அங்கே நிறம் பார்ப்பது என் வேலை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்திருந்தேன் என்றாலும் சோறு போட்டது என் கண்தான். ஒவ்வொரு லாட் துணியும் சாயத்திலிருந்து வெளியே வந்ததும் ஒரு துண்டு வெட்டி, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். சரியென்றால் நீள நோட்டில் அதை ஒட்டி, பக்கத்தில் ‘ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்தக் கையெழுத்து விழாமல் ஒரு முழத் துணிகூடக் கட்டிங்குக்குப் போகாது. அதற்குள் ஏழு வருஷமாக அந்த நோட்டு என் கையில் இருந்தது. எனக்குத் தெரிந்து அப்போது வேறு எந்தப் பட்டறையிலும் ஒரு பெண் நிறம் பார்க்கவில்லை. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

இத்தாலியிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. கோடைக்குப் பெண்கள் போடும் டீ-ஷர்ட், நான்கு நிறங்களில். பழங்கால ரோமாபுரி நகைகளின் ஃபோட்டோக்களை அனுப்பி, அதிலிருக்கும் கற்களின் நிறம் வேண்டும் என்றார்கள். மாதுளை முத்துச் சிவப்பு, கத்தரிப்பூ நிறம், முத்து வெள்ளை, நான்காவதாக நீலமும் பச்சையும் கலந்த ஒரு கல். வழக்கமாக முதலில் சின்னத் துண்டில் சாயமேற்றி அனுப்பி, அவர்கள் சரி சொன்ன பிறகுதான் வேலையைத் தொடங்குவோம். இந்தமுறை நேரமில்லை, ஃபோட்டோவைப் பார்த்துச் செய்துவிடுங்கள் என்று ஃபேக்ஸ் வந்துவிட்டது. முதல் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. மூன்று நிறம் பிரமாதம் என்றார்கள். நான்காவது நிறத்தை அவர்களுடைய டிசைனர் பார்த்த மாத்திரத்தில் வேண்டாம் என்றுவிட்டாள். அந்த நிறத்தில் மீதியிருந்த சட்டைகள் எல்லாம் திருப்பூரில் பெட்டி பெட்டியாக நின்றன.

சென்னியப்பண்ணன் கோபப்படத் தெரியாதவர். தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார்: “நேர்ல போயிக் கேட்டுப் பாத்துரலாம் அம்மிணி. நீயும் வா. கலரைப் பத்தி நான் என்னத்தப் பேசறது. அந்தப் பொண்ணு ஒத்துக்கிட்டா நோட்டு உங்கிட்டயே இருக்கட்டும். இல்லீன்னா மாப்பிள்ளை பாத்துக்கட்டும்.”

மாப்பிள்ளை என்றது அவருடைய மைத்துனர் தங்கராசு. பொம்பளைகிட்ட ஷேடு நோட்டைக் குடுத்தா இப்படித்தான் ஆகும் என்று அவர் ஏற்கெனவே பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார்.

எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. காரணம், அந்தக் கல்லை எனக்குத் தெரியும். எங்கள் ஊர் காங்கயத்துக்குப் பக்கம் படியூர். உழுத நிலத்தில் மழை பெய்து விட்டால், மறுநாள் காலை ஊரே தலையைக் குனிந்துகொண்டு நடக்கும். சூரியனைப் பார்த்து நடக்க வேண்டும், முதுகைக் காட்டி நடந்தால் ஒன்றும் தெரியாது. மண்ணில் எங்காவது ஒரு பொட்டு மின்னும். எடுத்துக் கழுவினால் ஆறு பட்டையோடு ஒரு பச்சைக்கல். காங்கயத்திலிருந்து சைக்கிளில் வரும் வியாபாரி அதை வாங்கிக்கொண்டு போவார். எனக்கு எட்டு வயதில் அப்பாவுக்கு அப்படி ஒரு கல் கிடைத்தது, சுண்டுவிரல் நீளம். வியாபாரி வரும்வரை ஒரு முழு நாள் அதை என்னிடம் கொடுத்துவைத்தார். அந்த நிறத்தை நான் மறக்கவே இல்லை. ஃபோட்டோவைப் பார்த்ததும், இது அந்தக் கல்தான் என்று சந்தோஷத்தில் துள்ளிக் குதித்தேன்.

பயணத்துக்கு நான், அண்ணன், அவர் மனைவி ராஜாமணியக்கா. நீங்க ரெண்டு பேரும் தனியாப் போனா ஊர் நாலு விதமாப் பேசும் என்று அக்காவும் கிளம்பிவிட்டார். சோமனூரில் தறி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு அதில் பெரிய நிம்மதி.

முதல் நாளே வம்பு. விமானத்தில் அக்காவுக்குக் குளிர் தாங்கவில்லை. “ஏன் கலா, உன்ற கைப்பையில ஒரு சட்டை வெச்சிருக்கறயல்ல, அதைக் குடு சாமி. ஒடம்பெல்லாம் வெறைக்குது” என்றார். நான்காவது நிறத்தில் சாம்பிளுக்கு என்று கையில் வைத்திருந்த ஒற்றை டீ-ஷர்ட்டை ரவிக்கைக்கு மேல் மாட்டி, அதற்கு மேல் முந்தானையைப் போட்டுக்கொண்டார். மற்ற சாம்பிள்கள் எல்லாம் பெரிய பையில் இருந்தன. ரோமில் இறங்கிப் பார்த்தால் பெரிய பை வரவே இல்லை. அக்கா போட்டிருந்த சட்டைதான் எங்களிடம் மிஞ்சிய ஒரே சாட்சி.

பை என்ன நிறம் என்று விமான நிலையத்தில் ஒரு பெரியவர் கேட்டார். அண்ணன் பச்சை என்றார். நான் விடவில்லை, பச்சை இல்லை, பாசிப்பச்சை, அதிலும் வெயிலில் வெளுத்தது என்று என் கல்லூரி ஆங்கிலத்தில் விளக்கினேன். பெரியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அம்மா, என் தாளில் பச்சை என்று ஒன்றுதான் இருக்கிறது” என்றார்.

தங்கிய இடத்துக்கு எதிரே ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. மாமிசம் இல்லாமல் என்று அண்ணன் கும்பிட்டுக் கேட்டதும் தக்காளிக் குழம்பு ஊற்றி ஒரு தட்டு ஸ்பகெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அக்கா முள்கரண்டியால் ஒரு இழையைத் தூக்கிப் பார்த்தார். “இது சந்தவைங்க. ஆனா சரியா வேகலை” என்று தீர்ப்புச் சொன்னார். எங்கள் பக்கம் அரிசி மாவை வேகவைத்துப் பிழியும் சந்தவையைத் தேங்காய்ப்பாலோடு தின்று வளர்ந்த நாக்கு அது. அந்த நாட்டில் வேண்டுமென்றே அப்படித்தான் அரைவேக்காட்டில் எடுப்பார்களாம். அக்கா கொண்டுவந்திருந்த பருப்புப்பொடியைத் தூவிக் கலந்தோம். பரிமாறிய அம்மாள் ஒரு சிட்டிகை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, உள்ளேபோய்ச் சமையல்காரனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் நாள், எங்களிடம் சட்டை வாங்கும் பையரின் ஆபீஸ். டிசைனர் பெண்ணின் பெயர் பிரான்செஸ்கா. நாற்பது வயதிருக்கும். நம்மூர்க் கட்டிங் ஆட்கள்போலவே கழுத்தில் கயிறு கட்டிக் கத்தரிக்கோலைத் தொங்கவிட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அக்காவின் முந்தானைக்கு அடியில் தெரிந்த சட்டையைக் கண்டதும் எழுந்து வந்து சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தாள். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினாள்.

“அழகான நிறம். ஆனால் நான் கேட்டது இதுவல்ல.”

“இதுதான் அந்தக் கல்லின் நிறம். உங்கள் ஃபோட்டோ வெளிச்சத்தில்தான் தப்பு” என்றேன்.

“நீங்கள் அந்தக் கல்லைப் பார்த்திருக்கிறீர்களா?”

“பார்த்திருக்கிறேன். எங்கள் நிலத்தில் கிடைக்கும்.”

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். வியாபாரம் பேச வந்த இடத்தில் இதென்ன கதை என்று அவர் முகம் கேட்டது. பிரான்செஸ்கா சிரிக்கவில்லை. “அப்படியானால் நாளைக்கு என்னோடு வாருங்கள். கல் இங்கேதான் ஒரு மியூசியத்தில் இருக்கிறது. நேரிலேயே வைத்துப் பார்த்துவிடலாம். சரியாக இருந்தால் நான் ஏற்றுக்கொள்கிறேன்” என்றாள்.

வெளியே வந்ததும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அண்ணன் மட்டும், “அம்மிணி, நல்லாத் தெரியுமா?” என்று இரண்டு முறை கேட்டார். நல்லாத் தெரியுங்கண்ணா என்று இரண்டு முறையும் சொன்னேன்.

மூன்றாம் நாள் பஸ்ஸில் போனோம். அங்கே கண்டக்டர் கிடையாது. கடையில் டிக்கெட் வாங்கி, பஸ்ஸில் இருக்கும் ஒரு டப்பாவுக்குள் விட்டுக் குத்திக்கொள்ள வேண்டுமாம். எங்களுக்கு யார் சொன்னது? பத்திரமாக இருக்கட்டும் என்று அண்ணன் மூன்றையும் பர்ஸுக்குள் மடித்து வைத்துவிட்டார். பரிசோதகர் வந்து, குத்தாத டிக்கெட் செல்லாது என்று ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி அவரை ஒரு பிடி பிடித்தாள். அவள் சொன்னதைப் பின்சீட்டுப் பையன் எங்களுக்கு மொழிபெயர்த்தான்: “டிக்கெட்டைத் தங்கம்போல மடித்து வைத்திருக்கிறார்கள். நீயும் நானும் இந்தப் பஸ்ஸுக்கு என்றைக்காவது அவ்வளவு மரியாதை கொடுத்திருக்கிறோமா?” பரிசோதகர் போய்விட்டார். கிழவி அக்காவின் தோட்டைத் தொட்டுப் பார்த்து, உள்ளங்கையில் எடை பார்ப்பதுபோல் சைகை செய்தாள். அக்கா மூன்று விரலைக் காட்டினார். கிழவி தலையை ஆட்டி மெச்சிக்கொண்டாள். பவுன் என்றால் என்னவென்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

மியூசியத்தில் அந்த நகை அறையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கறுப்புத் துணிமேல் அத்தனையும் தங்கம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியது என்றார்கள். நேற்றுத்தான் தட்டானிடம் வாங்கிவந்ததுபோல் இருந்தது. மெல்லிய தகட்டில் துளை துளையாகக் கொத்திச் சல்லடைபோல் செய்த காப்பு. கல்லைச் சுற்றித் தகட்டின் விளிம்பை மடக்கியே பிடித்துவைத்த மோதிரம். ஒரு சங்கிலியில் பொன் கம்பிக்கு ஒரு கல், பொன் கம்பிக்கு ஒரு கல் என்று பச்சை மணிகள். அந்த மணிகளை அவர்கள் பட்டை தீட்டக்கூட இல்லை. மண்ணிலிருந்து வந்த ஆறு பட்டையோடு அப்படியே துளைபோட்டுக் கோத்திருந்தார்கள். எங்கள் நிலத்தில் கிடந்த அதே ஆறு பட்டை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அக்கா கண்ணாடிமேல் மூக்கை வைத்துப் பார்த்தார். “ஏனுங்க, இந்தக் கம்மல் நம்ம ஜிமிக்கி மாதிரியேதானுங்க இருக்குது. முத்து மூணு தொங்குது பாருங்க. திருகாணி மட்டும் இல்லீங்க, வெறுங்கொக்கி. காதுல நிக்குமா?”

“ரெண்டாயிரம் வருசம் நின்னிருக்குதல்ல” என்றார் அண்ணன்.

பிரான்செஸ்கா அந்தக் கம்மலைத்தான் காட்டினாள். மேலே ஒரு நீள்வட்டக் கல், கீழே குறுக்குக் கம்பியில் மூன்று முத்துகள். எங்கள் ஃபோட்டோவில் இருந்தது அதுதான். கீழே எழுதியிருந்ததை வாசித்து, “கல் இந்தியாவிலிருந்து வந்திருக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள்” என்றாள்.

அண்ணன் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். “அப்ப நமக்கு முந்தியே ஒருத்தன் எக்ஸ்போர்ட் பண்ணியிருக்கறான். அவனுக்கும் கம்ப்ளெயின்ட் வந்துச்சோ என்னமோ, கேளு அம்மிணி.”

கம்மல் இருந்த பெட்டி ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. காலை வெளிச்சம் நேராக விழுந்தது. பட்டறை வாசலில் எனக்குக் கிடைக்கிற அதே வெளிச்சம். அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணாடியோடு சேர்த்துவைத்தேன். சட்டைக் கையையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தேன்.

சேரவில்லை.

கொஞ்சநஞ்சம் என்றால் வாயால் சமாளித்திருப்பேன். கல் ஆழமாக, பச்சை தூக்கலாக இருந்தது. என் சட்டை வெளிறி, நீலத்துக்குச் சாய்ந்திருந்தது. அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்தேன், கீழே இறக்கிப் பார்த்தேன். “வலிக்குது கலா” என்றார் அக்கா. பையிலிருந்து ஃபோட்டோவை எடுத்துப் பிடித்தேன். ஃபோட்டோவும் கல்லும் அண்ணன் தம்பிபோல் ஒத்திருந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரியாத மூன்று கற்களையும் ஃபோட்டோவில் பார்த்துப் பார்த்துச் செய்தேன். தெரிந்த கல்லைப் பார்க்கவே இல்லை. எட்டு வயதில் பார்த்த கல்லை மனசிலிருந்து எடுத்துச் சாயத்தொட்டியில் போட்டிருக்கிறேன். ஏழு வருஷம் பழகிய வேலையில், முதல் நாள் வந்தவள்கூடச் செய்யாத தப்பு.

எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளிச்சம் சரியில்லை என்று சொல்லலாம். அண்ணன் அதை நம்புவார், எனக்காகச் சண்டைகூடப் போடுவார். என் வாய்க்கு அது வரவில்லை.

“தப்பு என்னோடதுங்கண்ணா. இவங்க ஃபோட்டோ சரிதானுங்க. நான் அதைப் பார்க்காம எங்க ஊர்க் கல்லை நெனச்சுக்கிட்டு கலர் போட்டுட்டனுங்க” என்று தமிழில் சொல்லிவிட்டு, அதையே ஆங்கிலத்தில் பிரான்செஸ்காவிடமும் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பிரான்செஸ்கா தோளில் தட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, அக்காவிடம் கேட்டுக்கொண்டு, சட்டையின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டினாள். கல்லோடு வைத்துப் பார்த்தாள். “இது வெளிறிய நிறம். இதன்மேல் இன்னும் சாயம் ஏற்றமுடியுமா?” என்றாள். தொழில் தெரிந்தவள். இருட்டியதை வெளுக்கவைப்பதுதான் கஷ்டம், வெளுத்ததை இருட்ட வைக்கலாம். தைத்த சட்டையாகவே திரும்பச் சாயத்தில் போட்டு, மஞ்சளும் கொஞ்சம் நீலமும் ஏற்றினால் கல்லுக்கு வந்துவிடும். முடியும் என்றேன். மூன்று வாரம் தருவதாகச் சொன்னாள்.

நான்காம் நாள் பெரிய பை வந்து சேர்ந்தது. தாளில் பச்சை என்றே எழுதி அனுப்பியிருந்தார்கள். அக்கா ஓரம் வெட்டிய அந்தச் சட்டையைக் கழற்றாமல் மீதி ஊரைச் சுற்றினார். நீரூற்றுகளைப் பார்த்துவிட்டு, இத்தனை தண்ணியிருந்தா நாலு பட்டறை ஓட்டலாமே என்று அண்ணன் பெருமூச்சு விட்டார். அண்ணனும் அக்காவும் இப்போது இல்லை. கம்பெனி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. சந்தவை பிழியும்போதெல்லாம் அந்த நாலு நாள் ஞாபகம் வரும்.

திரும்பும்போது விமானத்தில் அண்ணன் கேட்டார்: “நோட்டை என்ன பண்ணலாம் அம்மிணி?”

“தங்கராசண்ணனே பாக்கட்டுங்க. என்ற கண்ணு மேல எனக்கே நம்பிக்கை போயிருச்சுங்க.”

அவர் தாடையைத் தடவிக்கொண்டார். “அவசரப்படாத. ஊருக்குப் போயி திங்கக்கிழமை சொல்லு. நீ வேண்டாம்னா வேண்டாம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை படியூருக்குப் போனேன். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கொண்டுபோன சட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

“அப்பா, இது என்ன கலர்னு தெரியுதுங்களா?”

அவர் அதை வெயிலில் விரித்துப் பிடித்து, கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

“எங்கயோ பாத்திருக்கறன் கண்ணு.”

“நீங்க எடுத்த கல்லுங்கப்பா. சைக்கிள்காரர் வர வரைக்கும் ஒரு நாளெல்லாம் எங்கிட்டக் குடுத்து வெச்சிருந்தீங்களே. அந்தக் கலர்னு நெனச்சுத்தான் போட்டேன். தப்பாப் போச்சு.”

“கல்லு இது இல்லியே” என்றார் உடனே. “கல்லு இன்னும் எச்சாப் பச்சை. நான் சலிக்கச் சலிக்கப் பாத்தவன், எனக்குத் தெரியாதா?”

“எங்கண்ணுக்கு இப்படித்தானுங்க தெரிஞ்சுச்சு.”

அப்பா சட்டையை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

“அட, இது உன்ற பாவாடை கண்ணு. காங்கயம் சந்தையில நாந்தான் எடுத்தாந்தேன். கல்லைக் கீழ போட்டுருவியோன்னு, சம்மணம் போட்டு உக்கார வெச்சு, பாவாடை மேலதான வெச்சேன். அன்னைக்கெல்லாம் நீ மடியைக் குனிஞ்சு பாத்துக்கிட்டே இருந்தே. கல்லு கண்ணாடி மாதிரி, அடியில என்ன இருக்குதோ அதைத்தான காட்டும். இந்தக் கலர்தான். அச்சா இதேதான்.”

எனக்கு அந்தப் பாவாடை துளியும் ஞாபகமில்லை. எவ்வளவோ யோசித்தும் வரவில்லை. ஆனால் இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திக் கிழிந்துபோன ஒரு துணியின் நிறத்தை, கையில் துண்டு இல்லாமல், படம் இல்லாமல், ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் பிடித்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே பட்டறைக்குப் போய்விட்டேன். முதல் நூறு சட்டைகளைத் தொட்டியில் இறக்கி, மஞ்சளையும் நீலத்தையும் நானே நிறுத்துப் போட்டேன். அந்த வெளிறிய நிறம் மெல்ல மெல்ல ஆழமாகி, பதினோரு மணிக்குக் காணாமல் போனது. துண்டு வெட்டி, ஃபோட்டோவோடு வாசல் வெளிச்சத்தில் வைத்து மூன்று தடவை பார்த்தேன். நோட்டில் ஒட்டி, ஓகே என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.